பரம்பில் வேலை நின்ற நாளில் ஒரு மம்மி படம்

ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்துப் பரம்பு மேட்டில், இறந்தவர்களைப் புதைத்த பழைய தாழிகளைத் தோண்டி எடுக்கும் அகழாய்வில் ஓர் ஆண்டு வேலை பார்த்தேன். குழியில் தெரிவதை அளந்து வரைவது என் வேலை. அதே குழியில் என்னோடு இருந்தவள், வாழைத்தோட்ட வேலையை விட்டு வந்த ஓர் அக்கா. பதினோரு நாளாக ஒரே தாழிக்குள் தலையைக் கவிழ்த்து, எலும்பு எலும்பாகத் தூரிகையால் மண் தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குக் கழுத்து போயிருந்தது, அவளுக்கு முழங்கால்.

பன்னிரண்டாம் நாள் காலையில் மழை. குழிகளைத் தார்ப்பாயால் மூடிவிட்டு எல்லோரையும் போகச் சொன்னார்கள்.

"வீட்டுக்குப் போனா அங்கனயும் வேலைதான். எங்கயாவது சும்மா உக்காரணும்ட்டி," என்றாள் அக்கா.

திருநெல்வேலிக்கு பஸ் ஏறினோம். மதியக் காட்சியில் தமிழில் டப்பிங் செய்த ஒரு மம்மி படம். எகிப்துக் கல்லறை, சாபம், தங்கம், துணி சுற்றிய பிணம். கதாநாயகன் குதித்த வேகத்தில் மூன்று ஜாடிகள் உடைந்தன. கிடந்த மண்டையோட்டை ஒற்றைக் கையால் தூக்கி எறிந்தான்.

"ஏலே, பைய தூக்குலே! சவத்துப்பய, இப்படியா தூக்குதான்!"

அக்கா எழுந்தே விட்டாள். முன்வரிசை திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "ஒரு போட்டோகூட எடுக்காம தூக்கிட்டானே," என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு பிணங்கள் மணலிலிருந்து எழுந்து ஊரையே துரத்தின. அக்கா என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். அத்தனை அலறலுக்கும் அசையவில்லை. எனக்குக் கழுத்து வலியில் உயிர் போனது. விளக்கு போடும்வரை அப்படியே இருந்தேன். கவனமெல்லாம் கழுத்தில்தான்; படம் எப்படி முடிந்ததென்று இன்றும் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் கேட்டாள்: "அந்தப் பொணம் எதுக்குட்டி எந்திரிச்சுது?"

"கல்லறைய தொறந்துட்டாங்கன்னு கோவம்க்கா."

"என்னைய யாரு எழுப்புனாலும் எந்திரிக்க மாட்டேன். படுத்தா படுத்ததுதான்," என்றவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்து, தாழிக்குள் தண்ணீர் நின்றது. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு மண்டியிட்டாள். பழந்துணியை முக்கி முக்கிப் பிழிந்தாள். நான் வாளியை ஏந்தி நின்றேன். மத்தியானம் ஆகிவிட்டது. எலும்புகள் இடம் மாறவில்லை. என் வரைபடத்தோடு இரண்டு முறை ஒத்துப்பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட எழுந்தாள்.