ஆறு மாதத்துக்கு ஒரு நாடு

லண்டன் குரோய்டனில் விசா, அகதி விண்ணப்ப அலுவலகத்துக்கு வெளியே மழை தூறுகிறது. வரிசையில் முன்னால் நிற்கும் யாழ்ப்பாணத்து இளைஞரிடம், ஸ்பெயினில் நான் எடுத்த புகைப்படத்தைக் காட்டுகிறேன். எல்லை ஆற்றின் நடுவே ஆளில்லாத குட்டித் தீவு. ஆறு மாதம் அது ஸ்பெயினுடையது, அடுத்த ஆறு மாதம் பிரான்சுடையது. சண்டையே இல்லை என்று சொல்கிறேன்.

அவர் தீவைப் பார்க்கவில்லை. படத்தை வாங்கி, ஸ்பெயின் பக்கக் கரையில் விரலை வைக்கிறார்.

"இதிலதான் அண்ணை என்னைப் பொலிஸ்காரர் பிடிச்சவங்கள். சாப்பாடு தரத்தான் பதியிறாங்கள் எண்டு நினைச்சு, பத்து விரலையும் வைச்சுக் குடுத்திட்டன். இஞ்ச அகதியெண்டு கேட்டாலும், முதல் ரேகை பதிஞ்ச நாட்டுக்கே திருப்பி அனுப்புவினமாம்."

உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிடுகிறார்கள். படத்தைத் திருப்பித் தந்துவிட்டு, ஒவ்வொரு விரலாகக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே போகிறார்.