பாதி பி.ஏ.

கேரளத்து உதியன்குளங்கரை சந்திப்பில் எங்கள் தையல் கடையையும் பக்கத்துச் சாயக்கடை என்கிற டீக்கடையையும் பிரித்தது ஒரு பலகைச் சுவர்தான். கூரை வரை எட்டாத சுவர். ஒரு நாள் காலை அதன் மேல்விளிம்பில் சாயக்கடை அண்ணனின் தலை எழும்பியது. பெஞ்சில் ஏறி நின்றிருக்கிறார். என் அண்ணன் மனைவியான மைனியைப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு கேட்டார்: “மக்கா, பரீச்சை என்ன ஆச்சு? பாஸாயாச்சா?” மைனி தையல் மெஷினை நிறுத்தினார். எனக்கும் கடை நடத்திய சேச்சிக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்ன தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். மைனியும் சிரித்துவிட்டு விஷயத்தைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தோம். மைனி சிரிக்கவில்லை. “இல்லண்ணா. இங்கிலீஷ் போச்சு” என்றார்.

நடந்தது இதுதான். பிளஸ் டூ பரீச்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த என்னை, மைனிதான் தான் வேலை செய்த தையல் கடைக்குக் கூட்டிப்போனார். அண்ணன் அப்போது வளைகுடாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். என் தையலின் லட்சணம் இரண்டே நாளில் தெரிந்துவிட்டது. நான் வைத்த கொக்கிகளைப் பிரித்து மறுபடி வைப்பதே சேச்சிக்குத் தனி வேலையாகிப் போனது. அந்தச் சமயத்தில், பிளவுஸ் அளவு வெட்டிப் பார்க்கச் சேச்சி வாங்கிய பழைய பேப்பர் கட்டுக்குள் அட்டை இல்லாத ஒரு தமிழ் நாவல் கிடந்தது. தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தில் மலையாளம் படித்தவர்கள்தான் அதிகம். எனக்கு ஞாயிறு பள்ளியில் வேதாகமம் வாசித்து வாசித்துத் தமிழும் சரளமாக வரும். சேச்சி நாவலை என் மடியில் போட்டு, “நீ தைச்சது போதும் பிள்ளே, இதெ வாசி. மெஷின் சத்தத்துக்கு மேல கேக்கணும்” என்றார். அன்றிலிருந்து அதுதான் என் வேலை.

உப்பளத்து ஊரிலிருந்து நகரத்துக் கல்லூரிக்குப் படிக்க வந்த ஒரு பெண்ணின் கதை அது. எங்களை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். வகுப்பில் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குப் புரியும். வாக்கியம் முடியும்போது எல்லாம் சேர்ந்து நழுவிவிடும். கேள்வி கேட்க எழுந்திருப்பாள், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், உட்கார்ந்துவிடுவாள். பாடங்களைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்வாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. எழுந்தவள் கேட்டுவிட்டு உட்கார்ந்தால் என்ன என்று புத்தகத்தை நிறுத்திவிட்டுக் கத்துவேன். பள்ளிக்கூடத்தில் தோல்வி என்றால் என்னவென்றே அறியாத பதினேழு வயதுக் கோபம் அது. சேச்சி அவளுக்காக ஜெபிக்கவே தொடங்கிவிட்டார். அளவு கொடுக்க வந்த பெண்கள் பிளவுஸை மறந்து, “அந்தக் கொச்சுப் பெண்ணு என்னாச்சு?” என்று கேட்டார்கள். முதல் தேர்வு முடிவு வரும் அத்தியாயத்தை நான் வாசித்தபோது கடையில் ஒரு மெஷினும் ஓடவில்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் அவள் எண் இல்லை. அவள் நேராக கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை வாங்கித் தின்கிறாள். “சீ, இவளுக்கு இப்போ தின்ன முடியுதா?” என்றேன். மைனி குனிந்தபடியே சொன்னார்: “பசிக்கும் பிள்ளே. தோத்தா நல்லா பசிக்கும்.”

சுவருக்கு அப்பால் இதையெல்லாம் அரைகுறையாகக் கேட்டுக்கொண்டிருந்த சாயக்கடை அண்ணன், எங்களில் வயதும் தோற்றமும் பொருந்தி வந்த மைனிதான் கல்லூரிப் பரீச்சையில் தோற்றுக்கொண்டிருக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தார். மைனியின் பதிலைக் கேட்டதும் அவர் முகம் வாடியது. “அதுக்கென்ன? இன்னொரு தடவை எழுது. ஒரு பேப்பர்தானே” என்று சொல்லி, சுவருக்கு மேலேயே மூன்று சாயா நீட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு நடக்கையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வழியில் மைனி சொன்னார். “அவரு கேட்டப்போ எனக்குப் பொய் வரல்ல. கதையிலெ உள்ளவளைத்தான் கேக்காருன்னு தெரியும். ஆனா எனக்கும் இங்கிலீஷ் போனது உண்மையாக்கும்.”

நான் நின்றுவிட்டேன். எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் புறம், தமிழ்நாட்டு ஊரில் மைனியைப் பெண்பார்த்தபோது, பி.ஏ. படித்த பெண் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அம்மா அதை ஊர் முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டிருந்தாள். மைனி மூன்று வருடம் கல்லூரிக்குப் போனதும் உண்மை, வரலாற்றுப் பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்ததும் உண்மை. ஆங்கிலத்தில் ஒரே ஒரு பேப்பர் நின்றுவிட்டது. இரண்டாம் முறை எழுதியும் போனது. மூன்றாம் முறைக்குள் கல்யாணம் வந்துவிட்டது. “படிச்சவன்னுதான் சொன்னாவ, பாஸானவன்னு சொல்லல்ல” என்று மைனி சிரிக்கப் பார்த்தார், உதடு கோணிக்கொண்டது. அதுவரை அவரை நான் எதற்கும் பயப்படாதவர் என்று நினைத்திருந்தேன். நாவலில் அந்தப் பெண்ணை நான் திட்டிய ஒவ்வொரு சொல்லும் மெஷினுக்குப் பின்னால் இருந்த ஒருவர்மேல் விழுந்திருக்கிறது என்று புரிந்தபோது முகம் சுட்டது.

சாயக்கடை அண்ணனின் வாய் சும்மா இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் அம்மாவைப் பார்த்து, “மருமவளெ கொண்டு மறுபடி எழுத வையுங்க, நல்ல பிள்ளையாக்கும்” என்று சொல்லிவிட்டார். அம்மா வீட்டுக்கு வந்து, சேலையை மாற்றாமல், மரச்சீனிக் கிழங்கு வெட்ட உட்கார்ந்தாள். நாங்கள் இருவரும் அடுக்களைக் கதவோரம் நின்றோம்.

“பி.ஏ.ன்னு சொல்லித்தானே கெட்டித் தந்தாவ?”

“பாதி பி.ஏ. ஆக்கும் மாமி” என்றார் மைனி.

அம்மா ஒரு கிழங்கை வெட்டி முடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். “அப்போ மிச்சப் பாதி எங்க கிடக்கு?”

“காலேஜில.”

“போய் எடுத்திட்டு வா.”

அதோடு அம்மா மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஒரு வாரம் மைனியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அண்ணன் போன் செய்தபோது அவளே வாங்கி, “உனக்க பெண்டாட்டி இங்கிலீஷ் படிக்கப் போறா. நான்தான் அனுப்புகேன். நீ ஒண்ணும் கேக்காண்டாம்” என்று சொல்லி வைத்துவிட்டாள். அண்ணன் உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை.

நெய்யாற்றின்கரையில் ஒரு பேரலல் காலேஜ் இருந்தது. பரீச்சையைத் தனியாக எழுதுகிறவர்களுக்கு வகுப்பெடுக்கும் இடம். காலையில் அங்கே ஆங்கில வகுப்பு, பத்து மணிக்கு மேல் தையல் கடை. அங்கேதான் புதுச் சிக்கல் முளைத்தது. மைனி மலையாளம் நன்றாகப் பேசுவார். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆசிரியரோ ஆங்கிலப் பாடத்துக்கு அர்த்தமெல்லாம் பலகையில் மலையாளத்தில் எழுதிப் போடுவார். மைனி அந்த எழுத்துகளைப் பூப்பின்னல் டிசைன் பார்த்து வரைவதுபோல வளைவு வளைவாக வரைந்து கொண்டுவருவார். பாதி எழுத்துக்கு வால் அதிகமாக இருக்கும். நான் அவற்றை ஊகித்து உரக்க வாசிப்பேன். நாவல் வாசித்த அதே நாற்காலி, அதே குரல். பாடத்தில் கழுதையைத் தொலைத்த ஒரு கிழவனின் கதை இருந்தது. நான் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வேன், மைனி மெஷினை மிதித்தபடி தமிழில் சொல்வார், சேச்சி மலையாளத்தில் வருத்தப்படுவார். ஒரு பத்தியை மைனி தானாக, என் உதவி இல்லாமல், முழுசாகச் சொல்லி முடித்த நாளில் நாங்கள் மூவரும் போட்ட கூச்சலில் சுவருக்கு மேல் தலை எழும்பியது. “கழுதை கிட்டியாச்சா?”

இதற்கிடையில் உப்பளத்துப் பெண்ணின் கதை கடைசி அத்தியாயத்துக்கு வந்துவிட்டது. அவளும் கடைசி முறையாகப் பரீச்சை எழுதியிருந்தாள். நான் பக்கத்தைத் திருப்பப் போகையில் மைனி தடுத்தார். “நிறுத்து. எனக்க ரிசல்ட் வரட்டும். அதுக்குப் பொறவு வாசிச்சா போதும்.” அவள் ஜெயித்தாலும் தோற்றாலும் அது தன் கையைப் பிடித்து இழுக்கும் என்று பயந்தார். சேச்சி கெஞ்சிப் பார்த்தார், வாடிக்கையாளர்கள் சண்டை போட்டார்கள். மைனி கேட்கவில்லை. இவ்வளவு நாளும் பேசப்பட்டது ஒரு நாவல் என்று சாயக்கடை அண்ணனுக்கு அப்போதுதான் தெரியவந்தது. அவர் அசரவே இல்லை. “கதையானா என்ன? அவளும் பாஸாகணும்லா?” என்றார்.

பரீச்சை அன்று மைனியோடு எல்லையைத் தாண்டிப் போய், அவருடைய பழைய கல்லூரியின் மரத்தடியில் காத்திருந்தேன். வெளியே வந்ததும் எப்படி எழுதினீர்கள் என்று கேட்கப் பயந்தேன். மைனியே, “நல்ல பசி, வா” என்றார். தோற்றால் பசிக்கும் என்று சொன்னவர் அல்லவா! இரண்டு தோசை தின்று முடித்தபின்தான் என் முகத்தைப் பார்த்தார். “பயப்படாதே. காலையில ஒண்ணும் தின்னல்லெ, அதாக்கும்.”

முடிவு வந்த மதியம் போனில் ரிசல்ட் பக்கம் திறக்கவே இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சேச்சி கடைக்கு வெளியே போய் நின்று வானத்தைப் பார்த்தார். சாயக்கடை அண்ணன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். வெறும் கிளாஸோடு உட்கார்ந்திருந்தவர்களும் அவர் பின்னாலேயே வந்தார்கள். மைனி மட்டும் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தார், தையல் எங்கோ கோணலாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கம் திறந்தது. நான் பார்த்தேன், மறுபடி பார்த்தேன், எண்ணைச் சரிபார்த்தேன். அப்புறம் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. மைனி என் கையிலிருந்து போனைப் பிடுங்கியதும், சேச்சி அவரைக் கட்டிக்கொண்டு குதித்ததும், சாயக்கடை அண்ணன் ஓடிப்போய்ப் பழம்பொரித் தட்டை அப்படியே சுவருக்கு மேலாக எங்கள் பக்கம் நீட்டியதும்தான் நினைவிருக்கிறது. வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது அம்மா, “எடுத்திட்டு வந்தாச்சா?” என்று மட்டும் கேட்டாள். பிறகு முற்றத்துக்குப் போய், எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள்: “எங்க வீட்டு பி.ஏ. வந்தாச்சு!”

இன்று அந்தக் கடைகள் இல்லை. ரோட்டை அகலப்படுத்தியபோது பலகைச் சுவரோடு போய்விட்டன. நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எழுந்து நின்று கேட்காமலே உட்கார்ந்துவிடும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு இப்போது கோபம் வருவதில்லை; வகுப்பு முடிந்ததும் பக்கத்தில் போய் உட்காருகிறேன். மைனி நெய்யாற்றின்கரையில் டிக்கெட்டும் விசாவும் எடுத்துக்கொடுக்கும் ஒரு அலுவலகத்தில் இருக்கிறார். போன வாரம் அங்கே போனபோது, யாரோடோ போனில் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இலக்கணம் அங்கங்கே தடுமாறியது, சண்டை தடுமாறவில்லை. திரும்பும் வழியெல்லாம், முடிவு வந்த மறுநாளின் நினைவாகவே இருந்தேன்.

அன்றுதான் கடைசி அத்தியாயத்தை வாசித்தேன். கடை நிறைய ஆள். உப்பளத்துப் பெண் மறுபடி தோற்றுப்போனாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஜன்னல் வழியே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் வந்தன. அவ்வளவுதான், கதை முடிந்தது. “இவ்வளவுதானா?” என்றார் சேச்சி. கண்ணைத் துடைத்தார். “பின்னே எழுதல்லியா?” என்றது சுவருக்கு மேலிருந்த தலை. மைனி எழுந்து வந்து புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். வெறும் தாள். அவருக்கு வந்த கோபத்தைப் போல ஒரு கோபத்தை நான் அதற்கு முன் அவரிடம் கண்டதில்லை.

“ஒரு பேப்பருக்கா இவளெ ஊருக்கு அனுப்பினாவ? இஞ்ச வரச் சொல்லு பிள்ளே அவளெ” என்றார் மைனி. “நான் சொல்லிக் குடுக்கேன்.”