தேவாலய வாசலில் கழற்றிய சப்பாத்துகள்

சத்தியபாமாவுக்கு நடப்பதென்றால் வேப்பங்காய். சிட்னியின் லிட்கம்மில் வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். ஆபர்னில் திரைச்சீலை தைக்கும் தொழிற்சாலையில் வேலை. அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போனதற்கு முதல் காரணமே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷனோ, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுகிற கணேசலிங்கம். சோடி சேர்த்தவன் அன்றைக்குக் கொஞ்சம் விளையாட்டுப் புத்தியில் இருந்திருக்க வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரும் ஞாயிறன்று யாராவது ஒருவர் வீட்டில் கூடி, கோழிக்கறி சமைத்து, ஊர்ப்புதினம் பேசி, வயிற்றைத் தடவிக்கொண்டு கலைவார்கள். கணேசலிங்கம் அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார். சனிக்கிழமை இரவே சப்பாத்தை மினுக்கி வைத்துவிட்டு, குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பார்.

"நாளைக்கு நீரும் வாருமன்."

"நடந்து நடந்து கடைசியில எங்க வரப்போறியள்? வீட்டைதானே? நான் இப்பவே வீட்டிலதானப்பா இருக்கிறன்."

இந்தப் பதிலை அவள் எத்தனை வருஷம் சொன்னாளோ, அவரும் அத்தனை வருஷம் சளைக்காமல் கேட்டார். மாலையில் சேறும் புழுதியுமாகத் திரும்பி வந்து, குசினிக் கதவில் சாய்ந்துகொண்டு, கிரான்ஃபோர்ட் கதையை அவிழ்ப்பார். கிரான்ஃபோர்ட் மலைமேல் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம். அங்கே பழைய கல் நீதிமன்றம், குதிரைவண்டிப் பயணிகள் தங்கிய சத்திரம், கல்லறைகளுக்கு நடுவே ஒரு குட்டித் தேவாலயம். எல்லாவற்றுக்கும் மேலாக, நூற்றைம்பது வருஷத்துக்கு முன் கைதிகளைக் கொண்டு பாறையை வெட்டிப் பள்ளத்தாக்குக்கு இறக்கிய ஒரு பாதை. அந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது காற்றிலேயே பாறையை வெட்டிக் காட்டுவார். சத்தியபாமா கத்தரிக்காயைப் பொரித்துக்கொண்டே பாதியைக் கேட்பாள், பாதியை எண்ணெய்க்குக் கொடுப்பாள்.

எழுபத்தேழாம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் கதைகள் நின்றுபோயின. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, கணேசலிங்கத்தின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. குழாய்க்குள்ளால் பார்ப்பது மாதிரி, எதிரே இருக்கும் முகம் தெரியும். காலடியில் கிடக்கும் கல் தெரியாது. மருந்து விட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்று கண் டொக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் லிட்கம் நிலையப் படிகளில் எல்லோரும் பார்க்கத் தடுக்கி விழுந்தார். முழங்காலில் காயம் பெரிதில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, ஜன்னலோரக் கதிரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான்.

முதல் வாரம் சத்தியபாமாவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது, பொய் சொல்வானேன்? ஞாயிற்றுக்கிழமை மனுஷன் வீட்டில் இருக்கிறாரே என்று. இரண்டாம் மாதம் அது பயமாகிவிட்டது. வானொலி வேண்டாம், வாசலுக்கு வர வேண்டாம், கூப்பிட்டால் "ஓம்", அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று அவளுக்குக் கண் கலங்கும். இந்த மனுஷன் இப்படியே கதிரையோடு கதிரையாகப் போய்விடுவாரோ என்ற நினைப்பு அவளைத் தின்றது. எப்படியாவது அவரை எழுப்பி நடக்க வைக்க வேண்டும். கெஞ்சிப் பார்த்தாள், கோபித்துப் பார்த்தாள். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், அந்த நாட்டில் இலை பழுக்கிற ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"நாளைக்கு நான் கிரான்ஃபோர்ட்டுக்குப் போறன். எனக்குப் பாக்கோணும். கூட்டிக்கொண்டு போறியளோ, தனியப் போகட்டோ?"

இத்தனை வருஷம் கூப்பிட்டவர், வருகிறேன் என்பவளை எப்படி வேண்டாம் என்பார்? கட்டிலுக்கடியில் கையை விட்டுச் சப்பாத்தைத் தேடினார்.

சேலைக்கு மேல் கம்பளிக் கோட்டும், காலில் புதுக் கன்வஸ் சப்பாத்தும், கையில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டிய பையுமாகச் சத்தியபாமா மலை ரயிலில் ஏறினாள். இறங்கியதும் அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் கையை உதறவில்லை. ஆனால் உடம்பு முழுக்க விறைத்துப் போயிருந்தது. நீதிமன்றத்தைக் காட்டினார், சத்திரத்தைக் காட்டினார். எல்லாம் வேறு யாருடைய ஊரையோ சொல்வது போன்ற குரலில். பாதை தொடங்கும் இடத்தில் ஒரு கைகாட்டி நின்றது. அதைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"இனிக் காணும். கீழ என்னால ஏலாது. கோயிலைப் பாத்திட்டு அடுத்த ரெயில்ல போவம்."

சத்தியபாமா வாதாடவில்லை. தேவாலயத்துக்குக் கூட்டிப் போனாள்.

வாசலில் அவள் குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள். பிறகு அவருடையதன் கயிற்றையும் அவிழ்த்தாள்.

"என்ன செய்யிறீர்? இது அவையின்ர கோயில். இஞ்ச ஒருத்தரும் கழட்டுறேல்லை."

"அவையின்ர எண்டாலும் கோயில் கோயில்தானே. காலைத் தூக்குங்கோ."

இரண்டு சோடியையும் வாசலோரம் இருந்த ஒரு பெரிய மரப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒழுங்காக அடுக்கி வைத்தாள். பெட்டிமேல் என்னவோ எழுதியிருந்தது. கோயில் வாசலில் எழுதியிருப்பதை நின்று வாசிக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. உள்ளே மெழுகு வாசனையும் குளிர்ந்த கல்தரையுமாக இருந்தது. கண்ணை மூடி நின்று, யாரிடம் கேட்கிறோம் என்று யோசிக்காமல், இந்த மனுஷனை நடக்க வை என்று கேட்டாள்.

வெளியே வந்தால் பெட்டியும் இல்லை, சப்பாத்தும் இல்லை.

கல்லறைகளுக்கு நடுவே புல் வெட்டிக்கொண்டிருந்த முதியவர் விஷயத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அது பழைய துணிமணி, சப்பாத்துகளை ஏழைகளுக்காகப் போடும் பெட்டி. சற்று முன்தான் வேன் வந்து எடுத்துக்கொண்டு, பள்ளத்தாக்கில் இருக்கும் மண்டபத்துக்குப் போயிருக்கிறது. தேவாலய வாசலில் யாராவது போட்டிருக்கும் சப்பாத்தைக் கழற்றுவார்கள் என்று வேன்காரனுக்கு எப்படித் தெரியும்? வண்டி போகும் சாலை மலையைச் சுற்றிப் போகிறது, நாள் கழிந்துவிடும். கைதிகள் பாதையால் இறங்கினால் கிட்ட என்றார் அவர்.

சத்தியபாமா புருஷனைப் பார்த்தாள். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

"போட்ட சப்பாத்தைத் தானம் குடுத்திட்டு வெறுங்காலோட நிக்கிறம்," என்றார். மாதக்கணக்குக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

வேறு வழியில்லை. இறங்கினார்கள். முதல் வளைவு வரை அவள் அவர் கையைப் பிடித்து ஒவ்வொரு அடியாகச் சொன்னாள்: இஞ்ச கல்லு, இஞ்ச வேர், இஞ்ச பள்ளம். ஒரு இடத்தில் அவர் பெருவிரலை இடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார். அதற்கப்பால் மண் முடிந்து பாறை தொடங்கியது. சட்டென்று நின்றார். வலது பாதத்தை மெல்ல முன்னும் பின்னும் தேய்த்தார்.

"பாமா, பேசாமல் நில்லும்."

அவள் நின்றாள்.

"உளி பிடிச்ச தடம். வரி வரியா ஓடுது. எல்லா வரியும் கீழ் நோக்கித்தான் போகுது." பாதத்தை ஓரத்துக்கு நகர்த்தினார். "இந்தக் கரையில வழுவழுப்பா இருக்கு. இது வண்டில் சில்லு தேய்ச்ச இடம். அப்ப நடுவு இது." மறுபடியும் தேய்த்தார். "எத்தினை வருசமா இதுக்கு மேல நடந்திருக்கிறன். சப்பாத்துப் போட்டுக்கொண்டெல்லே நடந்தனான். ஒண்டும் தெரியேல்லை, பாமா. ஒண்டுமே தெரியேல்லை."

அவர் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. துடைக்கவில்லை. அவள் பிடியிலிருந்து கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். வரியைக் காலால் தடவித் தடவி ஒரு அடி வைத்தார். பிறகு இன்னொன்று. சத்தியபாமா பின்னால் போனாள். முன்னால் போகிற முதுகைப் பார்த்துக்கொண்டு போனாள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வாசலால் இறங்கிப்போன அதே முதுகு. அவளுக்கு அழுகையும் வந்தது, காலும் நொந்தது. இரண்டில் எதற்கு முதலில் அழுவதென்று தெரியவில்லை.

பாதை திறந்த இடத்தில் அவர் நின்று, தனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிகிறது, பள்ளத்தாக்கின் அந்தக் கரை முழுக்க இப்போது என்ன நிறம் என்று கேட்டார். மரங்களின் பேர் ஒன்றும் அவளுக்குத் தெரியாது.

"மேல மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் மாதிரி. கீழ வெங்காயம் பொன்னிறமா வதங்கி வரும், அது மாதிரி."

"அடுப்பை எப்ப நிப்பாட்டோணும்?"

"உடன நிப்பாட்டோணும். விட்டால் கருகிப்போடும்."

அவர் தலையை ஆட்டி, நிறத்தை ருசி பார்ப்பவர் போல நின்றார்.

மண்டபத்தில் இரண்டு சோடிச் சப்பாத்தும் மேசைமேல் ஏழைகளுக்கான மலிவு விற்பனைக்குத் தயாராக உட்கார்ந்திருந்தன. அங்கிருந்த பெண்மணிக்கு ஒரே வெட்கம். மன்னிப்பு மேல் மன்னிப்பாகக் கேட்டார். வேன் இப்போது மேலே போகிறது, நிலைய வாசலிலேயே இறக்கிவிடச் சொல்கிறேன், தயவுசெய்து ஏறுங்கள் என்றார். கணேசலிங்கம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தாங்கள் இறங்கி வந்த பக்கமாகவே முகத்தைத் திருப்பி நின்றார்.

சத்தியபாமா வேனைப் பார்த்தாள். அதன் இருக்கையில் மெத்தை போட்டிருந்தது. அவளுடைய உள்ளங்கால் இரண்டும் எரிந்தன, முழங்கால் கெஞ்சியது. இந்த உலகத்தில் அந்த மெத்தையைவிட அவளுக்கு வேண்டியது அப்போது வேறொன்றும் இல்லை.

"வேண்டாம், நன்றி," என்றாள் பெண்மணியிடம். "நாங்கள் நடந்துதான் போவோம்."

இரண்டு சோடிச் சப்பாத்தையும் கயிற்றோடு கயிறு முடிந்து தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"போங்கோ முன்னால. நான் வாறன்."