எலும்பை விட்டுவிட்டு மனசுக்குப் போன மாமா

லிஃப்ட் நடுவழியில் ஒரு நொடி நின்றால் போதும், குடும்பத்துக்கு என்ன சொல்லிவிட்டுப் போவது என்று யோசிக்க ஆரம்பித்துவிடுகிற ஆள் நான். ஐம்பதை நெருங்கும்போதே இந்த லட்சணம் என்றால், பத்து வயதில் எப்படி இருந்திருப்பேன்!

எருமப்பட்டிக்குப் பக்கத்தில் அம்மாவின் அப்பா, அதாவது எங்கள் அப்புச்சி, கோழிப்பண்ணை வைத்திருந்தார். பள்ளி லீவுக்கு நானும் அம்மாவும் அங்கேதான். அப்புச்சியின் ஒரே மகன், என் மாமா, மெட்ராஸில் எம்.பி.பி.எஸ். முடித்திருந்தார். மேல்படிப்புக்கு எலும்பு டாக்டர் சீட்டே கிடைக்கும் அளவுக்கு மார்க். அப்புச்சி நாமக்கல் ரோட்டோரம் ஆஸ்பத்திரிக்கு இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். லாரிக்குக் குறைவில்லாத ஊரில் எலும்பு முறிவுக்கும் குறைவிருக்காது என்பது அவர் கணக்கு.

அந்தச் சனிக்கிழமை மாமா வந்து, மனநல மருத்துவம் படிக்கப்போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை சேர வேண்டும். அப்புச்சி சரி என்று சொன்னால்தான் சேருவேன் என்றும் சொன்னார்.

“பைத்தியத்தோட சேர்ந்து நீயும் பைத்தியமாகறதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்? எவன்டா பொண்ணு குடுப்பான்?”

“குடுத்தாக் குடுக்கட்டும், குடுக்காட்டிப் போகட்டுங்கப்பா.”

அப்புச்சி பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டுப் பண்ணைக்குப் போய்விட்டார்.

அம்மா என் பக்கம் திரும்பி, “இனி மாமன்கிட்ட ஒண்ணும் மறைக்க முடியாது சாமி. மூஞ்சியப் பார்த்தே உள்ள இருக்கறதக் கண்டுபுடிச்சுருவான்” என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். உள்ளே குற்றம் எதுவும் இல்லை. முழுக்க முழுக்கப் பயம்தான் இருந்தது. இருட்டு, பல்லி, கணக்கு வாத்தியார், பலூன் வெடிப்பது என்று பெரிய சரக்கு. வெளியே சிங்கம்போல நடமாடிக்கொண்டிருந்தவனுக்கு இது வெளியே வந்தால் என்ன ஆகும்?

மாமா ஊருக்கு வந்தால் ஓட்டும் மோட்டார் சைக்கிளின் ஹெல்மெட் ஆணியில் தொங்கியது. நல்ல சிவப்பு. மண்டைக்குள் இருப்பதை மறைக்க வேறென்ன வேண்டும்? கவிழ்த்துக்கொண்டு, யாரும் தேடாத இடமென்று கோழிக் கொட்டகைக்குள் ஓடினேன்.

சிவப்புத் தலை ஒன்று ஓடி வருவதைக் கண்டு முதல் கூண்டு அலறியது. அடுத்தது அலறியது. கொட்டகை முழுக்க இறக்கை அடித்தது. பயந்த கோழிகளைப் பார்த்து நான் பயந்தேன். என்னைப் பார்த்து அவை மறுபடி பயந்தன. ஹெல்மெட் கழலவில்லை. மூச்சு உள்ளே போகவில்லை. நெஞ்சு தாறுமாறாக அடித்தது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை; ஹெல்மெட்டோடேயே மாலை போடுவார்களா என்றுதான் கவலை.

மாமா ஓடி வந்து, கோழி எச்சத்தின் மேலேயே எனக்கு எதிரில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மெதுவாக எடுத்தார்.

“என்னங்க மாப்ள பண்ணுது?”

“செத்துருவேன் மாமா!”

ஒன்றுமில்லை என்று அவர் சொல்லவில்லை. ஆம்பளப் பையன் அழலாமா என்றும் கேட்கவில்லை. “அப்படித்தான் தோணும். பொல்லாத பயம் இது. ஆனா போயிரும். போற வரைக்கும் நானும் இங்கயே இருக்கேன்” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடச் சொன்னார். தானும் கூடவே விட்டார்.

அதற்குள் அப்புச்சியும் வேலையாட்களும் வந்துவிட்டார்கள். கத்தப்போனவர்களை அப்புச்சி கையமர்த்தினார்.

“சத்தம் போடாதீங்க. மெரண்ட கோழிய வெரட்டுனா முட்டையே வெக்காது. ரேடியோவ மெதுவாப் போட்டு உட்டுட்டு வெளிய போங்க. தானாத் தெளியட்டும்.”

மாமா தரையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

“இதைத்தானுங்கப்பா நான் படிக்கப்போறேன். நெஞ்சடைக்குதுன்னு ஒருத்தரு எங்க ஆஸ்பத்திரிக்கு வந்துட்டே இருந்தாரு. எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டு, ஒண்ணுமில்ல ஊட்டுக்குப் போன்னு நானே தொரத்தியிருக்கேன். மனநல வார்டு டாக்டரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உக்காந்து, சொல்லுங்கன்னாரு. அவ்வளவுதான். அந்தாளு தேம்பித் தேம்பி அழுதுட்டாருங்கப்பா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.”

அப்புச்சி என் தோளில் ஒட்டியிருந்த இறகுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மாமாவை பஸ் ஏற்றிவிட நானும் அப்புச்சியும் போனோம். கண்டக்டர் தெரிந்தவர்.

“பையன் மேல படிக்கறாராமுங்களே, என்ன டாக்டருங்க?”

அப்புச்சி என் தலையில் கையை வைத்தார்.

“பயத்துக்குப் பாக்கற டாக்டருங்க. நல்லாப் பாக்கறான்.”

படியில் கால் வைத்த மாமா இறங்கி வந்து அப்புச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தும் விடவில்லை. ஊருக்குப் போகிற ஆள் பஸ்ஸைத் தவறவிடப்போகிறாரே என்றிருந்தது எனக்கு. அதைவிட ஆத்திரம் அப்புச்சி மேல். நான் பயந்தாங்கொள்ளி என்பதைக் கண்டக்டர் வரைக்கும் சொல்லிவிட்டாரே! வீடு வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவேயில்லை.