பிரேசில் டீசலில் ஓடிய வீடு

மத்தி மீனின் செவுளைத் திறந்து பார்த்து, விலையையும் பேசி முடித்த பிறகு, றோசமலர் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியை எடுப்பாள். இத்தாலியின் பலெர்மோ நகரத்துக் கபோ சந்தையின் கூச்சலுக்கு நடுவே நின்று, பிரேசில் காசு யூரோவுக்கு எதிரே ஏறியதா இறங்கியதா என்று பார்ப்பாள். ஏறியிருந்தால் "மாதாவே, நன்றி" என்பாள். மீன்காரனிடம் இன்னும் இரண்டு மீன் போடச் சொல்வாள்.

"இவவுக்கு ஊர்ப் புதினம் ஒண்டும் தெரியாது. பிரேசில் புதினம் கேட்டால் சொல்லுவா" என்று கூடவே சந்தைக்கு வரும் செலஸ்ரீனா சிரிப்பாள்.

"பின்னை? ஊரே எனக்குச் சம்பளம் தருது?"

அது பகிடிக்குச் சொன்ன பேச்சில்லை. லிபெர்த்தா தெருவில், சாம்பல் நிறக் கட்டடம் ஒன்றின் நாலாம் மாடியில், சிஞ்ஞோரா, அதாவது அம்மையார், என்று அவள் கூப்பிடும் முதிய இனேஸைப் பராமரிப்பதுதான் றோசமலரின் வேலை. சிஞ்ஞோராவின் பெற்றோர் பிழைப்புத் தேடிக் கப்பலேறிய சிசிலிக்காரர். அவர் பிறந்ததோ பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில். அங்கே எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்ட ஒருவரை மணந்து, முடி நரைத்த பிறகு இருவரும் பலெர்மோவுக்குத் திரும்பினார்கள். கணவர் இறந்தபோது விட்டுச்சென்றது, அவர் வேலை செய்த எரிபொருள் கம்பனியின் பங்குகளை. அந்தப் பங்குகளின் இலாபத்தில்தான் மருந்தும் மின்சாரமும் றோசமலரின் சம்பளமும் நடந்தன.

கம்பனிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. றோசமலருக்கு அது "எங்கட எண்ணெய்க்கடை". கடை எண்ணெய் தோண்டுவதில்லை. வாங்கி, துறைமுகத் தாங்கியில் இறக்கி, லொறியிலும் ரயிலிலும் ஆற்றுப் படகிலும் ஏற்றிப் பெற்றோல் நிலையங்களுக்கும் சோயாத் தோட்டங்களுக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அதன் தொழில். ஒரு லீற்றரில் இலாபமாக நிற்பது சில்லறைதான். ஆனபடியால் எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். நின்றால் கடை இல்லை.

கம்பனியின் காலாண்டு அறிக்கை மிலானோவில் இருக்கும் மகன் மௌரீத்சியோ மூலமாக வந்து சேரும். சிஞ்ஞோராவுக்குக் கண் மங்கிய நாள்முதல் அதை வாசித்துக் காட்டுவது றோசமலர். போர்த்துக்கேயம் எழுத்தில் பார்த்தால் இத்தாலி மொழிக்குப் பக்கத்து வீடு மாதிரி இருக்கும். வாயில் எடுத்தால்தான் கடல்தாண்டிப் போய்விடும். "மூக்கால் சொல்லு, மூக்கால்!" என்று சிஞ்ஞோரா கதிரையின் கையைத் தட்டுவார். "தடிமன் பிடிச்ச ஆள் கதைக்கிற மாதிரிக் கதைக்க வேணும்" என்று றோசமலர் வீட்டில் கணவன் இராஜநாயகத்துக்குச் செய்து காட்டுவாள்.

இலாபக் கணக்கை சிஞ்ஞோரா பாதிக் காதால்தான் கேட்பார். அவர் காத்திருப்பது 'ஆபத்துகள்' என்ற பகுதிக்கு. காசு மதிப்பு விழலாம். மழை பொய்த்து ஆறு வற்றினால் படகு தரை தட்டலாம். வரி கட்டாத போட்டிக்காரர் மலிவாக விற்கலாம். மண்பாதையில் லொறி கவிழலாம். இதையெல்லாம் முகம் மலரக் கேட்டுக்கொண்டிருப்பார். "மற்றப் பக்கங்களில் எண்கள்தான் இருக்கின்றன. என் நாடு இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது" என்று ஒருமுறை சொன்னார்.

றோசமலருக்கும் அந்தப் பக்கம் பிடிக்கும். அவள் மன்னார் பேசாலையில் வளர்ந்தவள். யுத்த காலத்தில் டீசலுக்குத் தடை வந்து, தகப்பனின் வள்ளம் மாதக்கணக்கில் மணலில் கிடந்ததைப் பார்த்தவள். "எண்ணெய் ஒரு இடத்துக்கு வந்து சேருறது எண்டது சும்மா காரியமில்லை. கொண்டுவாறவனுக்குக் கோடி புண்ணியம்" என்பாள். ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதலில் பிள்ளைகளுக்காகச் செபிப்பாள். அடுத்தது, முகமே தெரியாத பிரேசில் லொறிக்காரருக்காக. "நான் எத்தினையாவது எண்டு ஒருக்காச் சொல்லுமன்" என்று இராஜநாயகம் கேட்பார். பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஓர் உணவகச் சமையலறையில் நாள் முழுக்க நின்று களைத்து வரும் மனிதர் அவர். "நீங்களும் இருக்கிறியள். கொஞ்சம் பின்னுக்கு" என்பாள்.

இரண்டாயிரத்துப் பதினெட்டு மே மாதம், அந்த லொறிக்காரர் வண்டிகளைத் தெருவுக்குக் குறுக்கே நிறுத்தினார்கள். டீசல் விலை கட்டுப்படியாகவில்லை. இனி ஓடமாட்டோம் என்றார்கள். சிஞ்ஞோராவின் வரவேற்பறைத் தொலைக்காட்சியில், செம்மண் தெருக்களின் ஓரமாகக் கண்ணெட்டும் தூரத்துக்கு லொறிகள் நின்றன. எண்ணெய்க்கடையின் வண்டிகள் துறைமுக வாசலைத் தாண்ட முடியவில்லை. அப்போது திரையில் ஒருவன் லொறியின் நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய தலைக்கு மேலே, முன்கண்ணாடியில், ஒரு சின்னப் பெண்பிள்ளையின் படம் ஒட்டியிருந்தது.

"அவர்கள் வென்றால் நமக்கு நட்டம், றோசா" என்றார் சிஞ்ஞோரா.

றோசமலரின் கண் அந்தப் படத்தில் நின்றது. பிறகு, "வெல்லட்டும் சிஞ்ஞோரா. அதுகளும் பிள்ளைகுட்டிக்காரர்தானே" என்றாள். சிஞ்ஞோரா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் வென்றார்கள். அரசாங்கம் டீசல் விலையைக் குறைத்தது. கூடிய விலைக்கு வாங்கித் தாங்கிகளில் நிரப்பியிருந்ததை எல்லாம் கடை குறைந்த விலைக்கு விற்கவேண்டி வந்தது. "காலமை வாங்கின மீனை மத்தியானம் அரை விலைக்குத் தள்ளுற மாதிரி" என்று றோசமலர் கணவனுக்கு விளங்கப்படுத்தினாள். ஓகஸ்டில் அறிக்கை வந்தது. இலாபம் விழுந்துவிட்டது, கடன் இருக்கிறது, ஆகவே இம்முறை பங்குதாரருக்கு ஒன்றும் இல்லை. அந்த வரியைப் பிழையாக விளங்கிக்கொண்டேனோ என்று அவள் திரும்ப வாசித்தாள்.

"சரியாகத்தான் வாசித்தாய்" என்றார் சிஞ்ஞோரா.

மௌரீத்சியோ மிலானோவிலிருந்து வந்தான். கெட்டவன் இல்லை. வீட்டுக்கடனும் இரண்டு பிள்ளைகளும் அவனுக்கும் இருந்தன. கன்னியாஸ்திரிகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் இலையுதிர் காலத்தில் அம்மாவுக்கு இடம் வருகிறது என்று குசினியில் நின்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவளுடைய முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னான். றோசமலர் தலையாட்டினாள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் பனிக்காலத்தில் புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் போய் எதைக் காட்டுவது? பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"கவலைப்படாதையும். வேற வீடு கிடைக்கும்" என்றார் இராஜநாயகம்.

"எனக்குக் கிடைக்கும். அவவுக்கு மூக்கால வாசிக்க ஆர் கிடைக்கும்?"

அடுத்த நாள் தூசி தட்டும்போது, சிஞ்ஞோராவின் கணவர் இருந்த அலுவலக அறைக்குள் போனாள். அவர் போன பிறகு யாரும் பாவிக்காமல் மூடிக்கிடந்த அறை. தளபாடங்களுக்கு வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. படிக்கட்டுப் பக்கம் தனி வாசல். இரண்டு யன்னல், நல்ல வெளிச்சம். துடைப்பத்தோடு நடுவில் நின்று சுற்றிப் பார்த்தாள். பிறகு நேரே தாயும் மகனும் இருந்த வரவேற்பறைக்கு வந்தாள். அவளுக்குச் சொந்தமில்லாத வீட்டைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"சிஞ்ஞோரா, கோவிக்காதேங்கோ. அந்த அறையைப் படிக்கிற பிள்ளையளுக்கு வாடகைக்குக் குடுத்தால் என்ன? சர்வகலாசாலைப் பிள்ளையள் அறை தேடித் திரியுதுகள்."

மௌரீத்சியோவின் முகம் மாறியது. "அது அப்பாவின் அறை" என்றான்.

"உன் அப்பா வாழ்நாள் முழுக்கத் தாங்கி நிரப்பினார்" என்றார் சிஞ்ஞோரா. "வெறும் தாங்கிக்கும் காவல் வேண்டும், வரி கட்டவேண்டும், துருவும் பிடிக்கும் என்று சாப்பாட்டு மேசையில்கூடச் சொல்லி என் உயிரை வாங்குவார். அந்த அறையைத் திற."

மௌரீத்சியோ தாயைப் பார்த்தான். பிறகு போய்த் துணிகளைத் தானே ஒவ்வொன்றாக உருவினான். தகப்பனின் கதிரையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தான். இராஜநாயகம் லீவு போட்டு வந்தார். இருவரும் சேர்ந்து சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். மொழி அதிகம் தேவைப்படவில்லை. அக்ரிஜென்தோ என்ற ஊரிலிருந்து படிக்க வந்த இரண்டு பெண்பிள்ளைகள் குடியேறினார்கள். வாடகை போதாமல் போனதை மௌரீத்சியோ அனுப்பினான். முதியோர் இல்லத்தின் இடம் வேறு யாருக்கோ போனது. பனிக்காலத்தில் குவெஸ்தூராவில், ஒப்பந்தத்தைப் பார்த்த அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல் தாளைப் புரட்டினார். வெளியே வந்ததும் றோசமலர் அந்தக் கட்டடத்தின் சுவரைத் தொட்டுக் கும்பிட்டாள்.

மார்ச்சில் ஆண்டறிக்கை வந்தது. லொறிகள் பழையபடி ஓடுகின்றன. விற்ற லீற்றர்கள் கூடியிருக்கின்றன. கடன் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பங்குதாரருக்கு முன்போல இல்லையென்றாலும் ஏதோ வரும். அந்தச் சொற்களை அவள் மூக்கால் வாசிக்க, அறைப் பிள்ளைகள் இருவரும் வாசலில் வந்து நின்று கேட்டார்கள். ஆபத்துப் பகுதியில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருந்தது. 'லொறிச் சாரதிகள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்யக்கூடும்.' சிஞ்ஞோரா இருமல் வரும்வரை சிரித்தார். "இப்போதுதான் அவர்களுக்கு அந்த மனிதர்கள் கண்ணில் பட்டிருக்கிறார்கள்!"

அன்று மத்தியானம் பாண் வாங்க இறங்கியபோது, மூலையில் இருந்த பெற்றோல் நிலையத்தில் எண்ணெய் பவுசர் லொறி ஒன்று டீசல் இறக்கிக்கொண்டிருந்தது. பாதித் தெருவை அது அடைத்திருந்ததால் பின்னால் நின்ற கார்கள் விடாமல் ஒலியெழுப்பின. யாரோ சாரதியைத் திட்டினார்கள். தடித்த குழாய்க்குப் பக்கத்தில், கையுறையோடு, ஒன்றும் கேளாதவன் மாதிரி அவன் குந்தியிருந்தான். றோசமலர் பாண்கடையைத் தாண்டிப்போய், எதிரே இருந்த கோப்பிக்கடையில் ஒரு கோப்பி வாங்கினாள். சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கார்களுக்கு நடுவால் புகுந்து வந்து அவனிடம் நீட்டினாள்.

"யாருக்கு, சிஞ்ஞோரா?" என்றான் அவன், திகைத்துப்போய்.

"உனக்குத்தான்" என்றாள் இத்தாலியில். அவன் கையுறையைக் கழற்றி வாங்கும்வரை, கார்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள்.