மாப்பிள்ளையின் ஹைக்கிங் நாய்

இந்த வான்கூவரில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஜனங்கள் மலைக்குப் போகிறார்கள். மேலே கோயில் இல்லை. விறகு வெட்டுவதில்லை, ஆடு தேடுவதில்லை. மூச்சு வாங்க ஏறி, தண்ணீர் குடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறார்கள். இதற்குப் பெயர் ஹைக்கிங். தனியாகப் போனால் சலிப்பாம். துணைக்கு ஒரு நாய்.

எங்கள் மாப்பிள்ளைக்கும் அந்த ஆசை வந்தது. ஈரோட்டுக்காரர், மஞ்சள் மண்டிக் குடும்பம். ஊரில் தெருமுனைக் கடைக்கே பைக்கில் போனவர். தொப்பை போட்டதும் டாக்டர் நடக்கச் சொன்னார். நடப்பதற்கு முதலில் பூட்ஸ் வாங்கினார், அப்புறம் கம்பு, அப்புறம் நாய் வேண்டும் என்றார். கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் ஷெல்டருக்கு மகளும் அவரும் என்னையும் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு நாய்க்கும் தனி அறை, கம்பளி, கேட்பதற்குப் பாட்டு. நான் சூலூரில் தறி ஓட்டிய காலத்தில் எங்கள் எல்லோருக்கும் ஒரே அறைதான்; பாட்டுக்குத் தறிச் சத்தம்.

அங்கிருந்த வெள்ளைக்காரப் பெண் கேள்விமேல் கேள்வி கேட்டாள். எனக்கு விசா கொடுத்தவர்கூட அவ்வளவு கேட்கவில்லை.

"ஊர்ல நாய் வளத்தீங்களான்னு கேக்கறாங்கப்பா" என்றாள் மகள்.

"நாம எங்க அம்மணி வளத்தோம்? அதும்பாட்டுக்கு வந்துச்சு, இருந்துச்சு."

"எங்க தூங்குமாம்?"

"அத யாரு கேட்டா?"

மகள் இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னாள். அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து என்னைப் பார்த்து உருகினாள். நான் நாய்க்கு முழுச் சுதந்திரம் கொடுத்தவன் என்று சொன்னாளாம்.

பொய்யும் இல்லை. எங்கள் ஊர் அன்னூரில் நான் பஸ் ஏறப் போனால் தோட்டத்து நாய் கருப்பன் பின்னாலேயே வரும். பஸ் கிளம்பியதும் அது தனியாகத் திரும்பிவிடும். வெயிலில் அத்தனை தூரம். அதுதான் ஹைக்கிங் என்று அப்போது யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

கிடைத்தது பெய்லி என்கிற வயதான செவலை நாய். ஏற்கெனவே ஒரு குடும்பம் கொண்டுபோய்த் திருப்பி விட்டதாம். இன்னொரு முறை திரும்பினால் இந்த வயதில் வேறு யாரும் எடுக்கமாட்டார்கள் என்றாள் அந்தப் பெண். ஒத்துவருகிறதா என்று கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாமாம். சம்பந்தம் பேசியபோது எங்களுக்கு இந்த வசதி இல்லை.

முதல் ஞாயிறு. எங்கள் பக்கத்தில் வாசல் தாண்டும் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்புவதில்லை. விடிந்ததும் பழைய சோறு, தயிர், முந்தின நாள் கறிக்குழம்பு என்று பெய்லிக்குத் தட்டு நிறையப் போட்டேன். மலைப்பாதையின் முதல் வளைவிலேயே படுத்துவிட்டது. மாப்பிள்ளை இழுத்தார், கெஞ்சினார், கடைசியில் குழந்தைபோல் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"இது ஹைக்கிங்குக்கு ஆகாதுங்க மாமா. அடுத்த வாரமும் இப்படின்னா கொண்டுபோய் உட்டுட்டு வந்தர்றேன்."

"காலைல கொஞ்சம் சாப்பிட்டுச்சுங்க மாப்ள."

"எவ்வளவுங்க?"

"நீங்க சாப்பிடற அளவுதானுங்க."

அடுத்த ஞாயிறு சோறு போடவில்லை. கொலைக்குற்றம் செய்தவன்போல் நாயின் முகத்தைப் பார்க்காமல் காரில் உட்கார்ந்திருந்தேன். அன்றும் மாப்பிள்ளை கயிற்றை இழுத்ததும் உட்கார்ந்துவிட்டது. அவர் போனை எடுத்து ஷெல்டர் நம்பரைத் தேடினார். "பொறுங்க" என்று கயிற்றை வாங்கினேன். இழுக்கவில்லை. கருப்பனோடு போகிறமாதிரி, திரும்பிப் பார்க்காமல் என் நடைக்கு நடந்தேன். பின்னாலேயே வந்தது. நான் மூச்சு வாங்க நின்றால் அதுவும் நின்றது. அப்படியே உச்சிக்குப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டோம். மாப்பிள்ளையும் மகளும் வியர்த்துக் கொட்டப் பின்னால் வந்தார்கள்.

"திருப்பிக் குடுக்க வேண்டாமுங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஆனா உங்ககூடத்தான் ஏறுது. தையில நீங்க ஊருக்குப் போயிட்டா..."

அரை வருஷம் இங்கே, அரை வருஷம் அன்னூரில் என்று ஓட்டுகிறவன் நான். இங்கேயே இருந்துவிடுங்கள் என்று மகள் அழுது பார்த்திருக்கிறாள். தோட்டத்தைச் சாக்குச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இப்போது அவள் அழவில்லை. நாய்க்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

போன் அடித்தது. அன்னூரிலிருந்து தம்பி. அங்கே படுக்கிற நேரம்.

"ஏனுங்ணா, எப்ப வாரீங்க? தென்னைக்குத் தண்ணி பத்தல. வந்து பாத்தீங்கன்னாத் தேவல."

எழுந்து பேசலாம் என்று பார்த்தேன். பெய்லி என் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிப்போயிருந்தது. காலை அசைக்காமல், "பாத்துச் சொல்றேன் கண்ணு" என்றேன்.