சந்தியிலா, நெஞ்சிலா பதற்றம்?

தையல்காரியின் கை நடுங்கினால் அது முதலில் துணிக்குத் தெரியும், பிறகு துணிக்காரிக்கு, கடைசியில்தான் தையல்காரிக்கு.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் அகன்ற வாவி, நடுவில் என் தையல் மெசின். நான் படித்தது எட்டாம் வகுப்பு. பிள்ளைகளை வளர்த்ததும் கட்டிக் கொடுத்ததும் இந்த மெசின்தான். ஒன்றுமில்லாததற்கு நெஞ்சு படபடத்து, கை வேர்த்து, எழும்பி ஓடத் தோன்றும் ஆட்கள் உங்களிலும் இருப்பார்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

அளவு நாடாவோடு ஓட்டம்

சுனாமிக்குப் பிறகு வந்த மாசி மாதம். காத்தான்குடியில் இருந்து சித்தி ராத்தா என்ற வாடிக்கைக்காரி சட்டைக்கு அளவு கொடுக்க வந்திருந்தா. நான் அவவின் இடுப்பில் நாடாவைச் சுற்றிய நேரம், றோட்டில் யாரோ கடல் வருகுது என்று கத்தினார்கள். கத்தியவரைக் கண்டவர் இல்லை, ஓடாதவரும் இல்லை. நான் நாடாவின் இரண்டு முனையையும் விடவில்லை. ராத்தாவும் நாடாவை விட்டு வெளியே வரவில்லை. வண்டில் மாடும் வண்டில்காரியும் மாதிரி ஓடினோம்.

நின்று பார்த்தால் வாவிக்கரை. கடலுக்குப் பயந்து ஓடினால் எங்கள் பக்கம் போய் நிற்கக் கிடைப்பது இன்னொரு தண்ணீர்தான். அரை மணி நேரம் கடல் வருமென்று பார்த்திருந்தோம். வரவில்லை. ராத்தா மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டா: "ஓடினதுதான் ஓடினம் புள்ள, இடுப்பு எத்தின இஞ்சி எண்டாவது பாத்தியா?"

டொக்டர் கேட்ட கேள்வி

அன்றைக்கு ராத்தாவுக்குத் தெளிந்துவிட்டது, எனக்குத் தெளியவில்லை. பிறகு நாட்டில் சண்டையும் திரும்பத் தொடங்கியது. பஸ் டயர் வெடித்தாலும் நான் மெசினுக்குக் கீழே. ஒரு நாள் சட்டைக் கழுத்தை வெட்டப் போய்த் தோள் வரைக்கும் வெட்டிவிட்டேன். இனி இந்தக் கையை நம்பி யார் துணி தருவார்கள் என்ற பயத்தில் கிளினிக்குக்குப் போனேன்.

வெளியூரில் இருந்து புதிதாக வந்த இளம் டொக்டர். "பதற்றம் இருக்கிறதா அம்மா?" என்று கேட்டார். அது நாங்கள் ரேடியோவில் தினமும் கேட்கிற சொல். நகரில் பதற்றம் என்றால் கடை பூட்டு, பஸ் இல்லை என்று விளங்கிக்கொள்வோம். பாவம், வீட்டுக்குப் போக வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். விடியச் செங்கலடிச் சந்தியில் கொஞ்சம் இருந்ததாம், இப்போது கடையெல்லாம் திறந்துவிட்டார்கள், பயப்படாமல் போகலாம் என்று விவரமாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற நேர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டா. டொக்டர் பேனையைக் கீழே வைத்தார்: "அம்மா, நான் சந்தியைக் கேக்கேல்ல, உங்கட நெஞ்சைக் கேட்டனான்."

பெருமூச்சு

இருதயத்தில் கோளாறு இல்லையாம். ஆபத்து இல்லாத நேரத்திலும் உடம்பு ஓடுவதற்கு ஆயத்தம் செய்கிறதாம். எனக்கு உடனே விளங்கியது: ஊசிக்குக் கீழே துணி இல்லாமலே மெசின் ஓடுகிறது. மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததை விட நீளமாக விடச் சொன்னார். பயம் ஏறினால், ஏறின மாதிரியே இறங்கும், அதுவரைக்கும் நின்று பாருங்கள் என்றார். பயந்த இடத்தை விட்டு ஓடாமல் ஒவ்வொரு அடியாகக் கிட்டப் போகவும் சொன்னார். மூச்சை எண்ணுவதற்கு மெசின் மிதியே போதுமாக இருந்தது. மூன்று மிதிக்கு இழுப்பு, ஐந்து மிதிக்கு விடுகை. விடும்போது மனதுக்குள் கண்ணகி அம்மனைக் கூப்பிடுவேன். சில கிழமையில் கத்தரிக்கோல் நேராக ஓடத் தொடங்கியது.

ஆனால் மிதி இல்லாத இடத்திலும் பழக வேண்டுமே. நல்ல மொத்தமான உடம்புள்ள ஒரு பள்ளிக்கூட ரீச்சர் வந்தா. மார்பளவு எடுக்க நாடாவைச் சுற்றும்போது எனக்கு நெஞ்சு அடித்தது. இழுத்து, நீளமாக விட்டேன். திரும்பவும் விட்டேன். மூன்றாவது மூச்சுக்கு ரீச்சர் திரும்பிப் பார்த்தா: "நான் மொத்தம் எண்டா வாயால சொல்லுங்கக்கா, இப்பிடி ஊதிக் காட்டாதீங்க."

அளக்காத சட்டை

கை சரியாகிவிட்டது. தண்ணீர் சரியாகவில்லை. என் மகள் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் இருக்கிறாள். அது நான் சீதனமாகக் கொடுத்த வீடு வளவு. சுனாமிக்குப் பிறகு ஒரு தரம் கூட நான் அங்கே போனதில்லை, அவள்தான் வந்து போவாள். சண்டை முடிந்த வருசம் அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. முதல் பேரன். பிள்ளை பிறந்த பெரியாஸ்பத்திரிக்குப் போகப் பாலம், வாவியைக் கடக்கப் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை. எங்கே போனாலும் காலுக்குக் கீழே தண்ணீர். முப்பத்தோராம் நாள் கழியாமல் பச்சைப்பிள்ளையைத் தண்ணீர் கடத்தக் கூடாது, கழிந்ததும் இங்கே கொண்டு வா என்று சொல்லியனுப்பினேன். அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான்.

என்னுடைய வெட்கத்துக்கு ஈடாக ஆறு சின்னச் சட்டை தைத்து, பேக்கரிப் பாணை அக்கரைக்குக் கொண்டுபோய் விற்கிற தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். ஊருக்கெல்லாம் நாடா பிடிக்கிற எனக்குச் சொந்தப் பேரனின் அளவு கண்மதிப்புத்தான். இரண்டாம் நாள் பாண்காரத் தம்பி மகளின் பதிலைக் கொண்டு வந்தான்: "ஆறும் பத்தல்லயாம் அன்ரி. அளவு வேணுமெண்டா அம்மாவே வந்து எடுக்கட்டாம்."

பாதை

முதல் நாள் துறைக்குப் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நாள் பாதையின் பலகையில் ஒரு கால் வைத்தேன். மூன்றாம் நாளும் அதே கால்தான். நாலாம் நாள் அவசரத்தில் கழுத்தில் கிடந்த நாடாவைக் கழற்ற மறந்து போய்விட்டேன். பாதை ஓட்டுகிற ஆள் நாலு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், கேட்டார்: "அக்கா, ஏறப் போறீங்களா, இல்லாட்டி பாதைக்கும் சட்ட தைக்க அளவெடுக்கிறீங்களா?"

நெஞ்சு அளவு

ஏறினேன். அதைக் கேட்டுச் சிரித்த ஆட்களுக்கு முன்னால் இறங்க வெட்கம். நடு வாவியில் நெஞ்சு அடித்த அடியில் பக்கத்து மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். ஓட இடமில்லை. அதுதான் நல்லதாகப் போயிற்று. காலைப் பலகையில் ஊன்றி, அம்மாளே அம்மாளே என்று மூச்சை விட்டேன். பயம் தொண்டை வரைக்கும் ஏறி, கொஞ்ச நேரம் நின்றது. நானும் நின்றேன். அக்கரை மரங்கள் தெரிந்தபோது அது தானாக இறங்கியிருந்தது. நான் செய்தது இறங்காமல் நின்றது மட்டும்தான்.

பேரன் பாயில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்தது. அழாமல் இருக்க நாடாவை எடுத்தேன். நெஞ்சு, தோள், கை, நீளம். பிறகும் நெஞ்சு. மூன்றாம் தரம் நெஞ்சை அளக்கும்போது என் கை திரும்பவும் ஆடியது. மகள் நாடாவை மெதுவாக வாங்கி வைத்தாள்: "அளந்தது போதும்மா, இனிப் புள்ளயத் தூக்குங்க."

பதற்றம் இன்னும் என் வீட்டுக்கு வந்து போகிறதுதான், ஆனால் இப்போது அதை ஒரு முக்காலியில் இருத்திவிட்டு நான் என் தையலைப் பார்க்கிறேன், கத்தரிக்கோலை மட்டும் அதன் கையில் கொடுப்பதில்லை.